'இத்தனை வருசம் என்ன செஞ்சே?': கொடுமையின் காலமும் சட்டத்தின் காலமும்

மணவிலக்குக் கேட்டுப் போகிற பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது அடி எங்கே பட்டது என்பதல்ல. 'இத்தனை வருசம் என்னம்மா செஞ்சே?' என்பதுதான். கடையநல்லூரில் ஜமாஅத் முன்னால் போனாலும் இதைத்தான் கேட்கிறார்கள். தென்காசிக்கு பஸ் ஏறி வக்கீல் ஆபீசுக்குப் போனால் குமாஸ்தா கேட்கிறார். வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் இதையே கொஞ்சம் செந்தமிழாக்கிக் கேட்கிறார். கேள்வியின் வடிவில் இருந்தாலும் இது கேள்வி அல்ல. பதில் இதற்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது: இத்தனை வருஷம் பொறுக்க முடிந்தது என்றால் அது கொடுமையாக இருந்திருக்க முடியாது; கொடுமையாக இருந்திருந்தால் அப்போதே வந்திருப்பாய். பெண் சொல்லும் எந்தப் பதிலும் இந்த முன்முடிவுக்குள் போய் விழுகிறது. பிள்ளைக்காக இருந்தேன் என்றால், பிள்ளைக்காக இருக்க முடிந்த வீடு. பயந்து இருந்தேன் என்றால், இப்போது மட்டும் பயம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. எல்லாச் சட்டத்திலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை; எழுதப்படாத இடத்திலும் இது கேட்கப்படுகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் 'பெண்கள் ஏன் தாமதிக்கிறார்கள்?' என்று உளவியல் பேச ஆரம்பிப்பது, எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்வியை நாமே வாங்கிக் கேட்பதாகத்தான் முடியும்.

எழுதப்பட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, மணவிலக்கு வழங்குமுன் நீதிபதி சில விஷயங்களில் திருப்தியடைய வேண்டும் என்கிறது. அவற்றில் ஒன்று, வழக்குத் தொடுப்பதில் தேவையற்ற அல்லது முறையற்ற தாமதம் இல்லை என்பது. இன்னொன்று, கொடுமை காரணமாக வழக்கு என்றால் அந்தக் கொடுமையை மனுதாரர் மன்னித்து ஏற்றுக்கொள்ளவில்லை என்பது. எதிர்த்தரப்பு ஆஜராகாமல் போனாலும், வாயைத் திறக்காமல் இருந்தாலும் நீதிபதி இதைப் பார்த்தே ஆக வேண்டும். அதாவது சந்தேகப்படுவது இங்கே நீதிபதியின் கடமையாகவே விதிக்கப்பட்டிருக்கிறது.

இது நம்முடைய தர்மசாஸ்திரத்திலிருந்து வந்ததல்ல. இங்கிலாந்தின் 1857ஆம் வருஷத்து மணவழக்குச் சட்டத்தில் 'நியாயமற்ற தாமதம்' என்ற தடை இருக்கிறது. அது 1869இல் இந்தியக் கிறிஸ்தவர்களுக்காகச் செய்யப்பட்ட மணவிலக்குச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் வந்து உட்கார்ந்தது. அங்கிருந்து 1955. விக்டோரியா காலத்து ஆங்கிலேயக் கனவான், மனைவியின் நடத்தையைத் தெரிந்தும் நாலைந்து வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வசதிப்பட்டபோது வழக்குப் போடுவதைத் தடுப்பதற்கு வைத்த கதவு இது. வீட்டை விட்டு வெளியே போவதற்குக் கையில் பஸ் காசு இல்லாத பெண்ணுக்கு முன்னால் அதே கதவை வைத்தால் என்ன ஆகும் என்பது அதைச் செய்தவர்களின் யோசனையில் இருந்திருக்க நியாயமில்லை.

இதற்கு நேர் எதிராக, 1939ஆம் வருஷத்து முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் தாமதம் என்ற சொல்லே கிடையாது. கடையநல்லூரைப் பேச்சின் மையமாக நான் எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். இங்குள்ள முஸ்லிம் பெண் கோர்ட்டுக்குப் போனால் அவளுக்கு 23ஆவது பிரிவு பொருந்தாது. 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டமும் தனது 29ஆவது பிரிவில், மண, மணவிலக்குச் சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளைத் தன் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறது. ஆக, சட்டப் பிரதியைப் பொறுத்தவரை அவள் பத்து வருஷம் கழித்து வந்தாலும் வரலாம். ஆனால் கேள்வி மட்டும் அப்படியே கேட்கப்படுகிறது. பிரதியில் இல்லாத ஒன்று நடைமுறையில் எப்படி இருக்கிறது? பொதுப்புத்தி சட்டத்துக்குள் புகுந்து வேலைசெய்கிற விதத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த 1939 சட்டம் வந்த கதை நம் எழுத்தாளர்களிடையே அதிகம் பேசப்பட்டதில்லை. ஹனஃபி மரபில் கணவன் அடித்தாலும், காணாமல் போனாலும், சோறு போடாவிட்டாலும் மனைவிக்கு மணவிலக்குப் பெற வழி அநேகமாக அடைபட்டிருந்தது. பஞ்சாப் பக்கத்தில் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மதம் மாறிவிட்டால் திருமணம் தானாக முறிந்துவிடும். மதம் மாறினார்கள். இது உலமாக்களைத் திகைக்க வைத்தது. மௌலானா அஷ்ரஃப் அலி தானவி 1930களின் தொடக்கத்தில் ஒரு நூல் எழுதி, மாலிக்கி மரபில் உள்ள காரணங்களை ஹனஃபிகளும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். 1936இல் முகம்மது அகமது காஸ்மி மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1939 மார்ச்சில் சட்டமாயிற்று. மதம் மாறுவதால் மட்டும் இனித் திருமணம் முறியாது என்ற பிரிவும் கூடவே வந்தது. ஒரு கதவைத் திறந்து மற்றொன்றைச் சாத்தினார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் தாமதிக்காமல் செய்த காரியம்தான் ஆண்களைச் சட்டம் எழுத வைத்தது.

இந்தச் சட்டம் கொடுமைக்குத் தரும் முதல் வரையறை: கணவன் வழக்கமாக அடிப்பது, அல்லது உடலைத் தொடாவிட்டாலும் தன் நடத்தையின் கொடுமையால் அவள் வாழ்க்கையைத் துயரமாக்குவது. 1939இலேயே மனரீதியான கொடுமையை ஒப்புக்கொண்ட சட்டம் இது. ஆனால் 'வழக்கமாக' என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு அடி போதாது. இரண்டும் போதாது. அது பழக்கமாக மாற வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் கீழும் இதேதான். உச்ச நீதிமன்றம் 2007இல் ஸமர் கோஷ் வழக்கில் மனக்கொடுமைக்கு உதாரணங்கள் அடுக்கியபோது, குடும்ப வாழ்க்கையின் சாதாரண உரசல்கள் போதாது, மோசமான நடத்தை கணிசமான காலத்துக்கு நீடித்திருக்க வேண்டும் என்றது. அது போக, திருமணமாகி ஒரு வருஷம் முடியாமல் பொதுவாக மணவிலக்கு மனுவே போடக்கூடாது என்று 14ஆவது பிரிவு வேறு இருக்கிறது.

ஆக, கொடுமை என்பது சட்டத்தின் மொழியில் ஒரு செயல் அல்ல, ஒரு காலம். அது சேர வேண்டும், குவிய வேண்டும், வழக்கமாக வேண்டும். அது குவியும்வரை பெண் அதற்குள் இருந்தாக வேண்டும். குவிந்த பிறகு வந்தால், குவியும்வரை ஏன் இருந்தாய் என்று கேட்கப்படும். சீக்கிரம் வந்தால் 'இது சாதாரண உரசல்'. தாமதித்து வந்தால் 'மன்னித்துவிட்டாய்'. இரண்டுக்கும் நடுவில் சரியான நேரம் என்று ஒன்று இருப்பதாகச் சட்டம் பாவனை செய்கிறது. அந்த நேரம் எது என்று எந்தத் தீர்ப்பும் சொன்னதில்லை.

'மன்னித்துவிட்டாய்' என்பதன் இலக்கணம் 1975இல் வந்த தாஸ்தானே வழக்கில் இருக்கிறது. இதில் வழக்குப் போட்டவர் கணவர். 1956இல் திருமணம், 1961இல் பிரிவு, 1962இல் மனு. நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, மனைவியின் நடத்தை கொடுமைதான் என்று ஏற்றுக்கொண்டது. ஆனாலும் கணவர் தோற்றார். ஏன்? அந்தக் காலம் முழுக்க அவர்கள் தாம்பத்திய உறவு வைத்திருந்தார்கள், குழந்தை பிறந்தது. ஆகவே அவர் கொடுமையை மன்னித்துவிட்டார். உடலுறவு என்பது மன்னிப்புக்குச் சாட்சி.

கணவர் தோற்றார், பெண் ஜெயித்தாள் என்று சந்தோஷப்பட இங்கே எதுவுமில்லை. இந்தத் தர்க்கத்தை அப்படியே திருப்பி மனைவியின் மேல் வைத்துப் பாருங்கள். மண உறவுக்குள் மறுக்கும் உரிமையை இந்தியத் தண்டனைச் சட்டம் மனைவிக்கு இன்றுவரை தரவில்லை. வயது வந்த மனைவியின் மேல் கணவன் செய்யும் வல்லுறவு, குற்றம் என்ற வரையறைக்கு வெளியே நிற்கிறது. மறுக்க முடியாதவளின் உடல் எதை மன்னித்தது? அவள் வயிற்றில் வளர்ந்த பிள்ளை அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 'கடைசிப் பிள்ளைக்கு வயசு என்ன?' என்று வக்கீல் அப்பாவியாகக் கேட்கும்போது அவர் கேட்பது வேறு கணக்கு.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இவ்விடத்தில் எனக்கு அகத்திணை ஞாபகம் வருகிறது. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். காத்திருப்பதையே ஒழுக்கமாக்கி நிலத்தோடு பிணைத்து வைத்திருக்கிறார்கள். மருதத்துக்கு ஊடல். பரத்தையிடமிருந்து திரும்பிவரும் தலைவனுக்கு வாயில் மறுத்தல், பிறகு வாயில் நேர்தல். கற்புக் காலத்துத் துறைகளை எத்தனை முறை புரட்டினாலும் தலைவி வீட்டை விட்டுப் போய்விடுவதற்கு ஒரு துறை எனக்குத் தட்டுப்படவில்லை. மறுப்பு இருக்கிறது, ஆனால் அது நேர்தலுக்கான முன்னுரையாக மட்டுமே இருக்கிறது. நீதிமன்றத்தின் 'கண்டோனேஷன்' என்ற கருத்தாக்கத்தைத் தமிழில் சொல்லக் கலைச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. வாயில் நேர்தல் என்றால் போதும். தாமதம் என்ற சொல்லும் சும்மா இல்லை. சாத்துவிகம், இராசதம், தாமதம் என்ற முக்குணங்களில் மூன்றாவது அது; இருளும் சோம்பலும். தாமதித்தவள் என்னும்போதே அவளுடைய குணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாகிவிட்டது.

இலக்கியம் ஒரு பக்கம் இருக்கட்டும். 'அறுத்துக்கட்டுகிற சாதி' என்று மேல்சாதிகள் இளக்காரமாகச் சொன்ன சாதிகளில், பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு வேறு மணம் செய்துகொள்வது சாதாரணம். இந்து திருமணச் சட்டத்தின் 29ஆவது பிரிவு இன்றும் அந்த வழக்காறுகளை ஒப்புக்கொள்கிறது. வெளியேறும் செலவு குறைவாக இருந்த இடத்தில் தாமதம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது அது ஐரோப்பாவிலிருந்து இறக்கிய புதுமை என்று கேலி செய்தவர்கள், தங்கள் தெருவுக்கு அடுத்த தெருவைப் பார்க்காதவர்கள்.

கடையநல்லூரில் காலக் கணக்கு இன்னொரு விதமாகச் சிக்கலாகிறது. நெசவுத் தொழில் நொடித்துப்போன ஊர்களுக்குக் கடல் தாண்டுவது ஒரு வழி. இங்கிருந்து முதலில் சிங்கப்பூருக்குப் போனார்கள். 1941லேயே அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. அந்தப் பயணத்தில் ஒரு விசேஷம், பெண்களும் குடும்பமாகப் போனது. 1958 முதல் சிங்கப்பூரில் ஷரீஅத் நீதிமன்றம் இருக்கிறது. கொடுமை செய்யும் கணவனிடமிருந்து ஃபஸ்க் கேட்டு அங்கே ஒரு பெண் மனுப்போட முடிகிறது. பிறகு வந்த வளைகுடாப் பயணத்தில் ஆண் மட்டும் போனான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாச லீவு என்று வைத்துக்கொண்டால், பதினைந்து வருஷ மணவாழ்க்கையில் இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தது பதினான்கு மாசம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சொன்னார்: 'லீவுல வந்தா ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசத்துக்கு எதுக்குப் பெரிசுபண்ணணும்னு இருப்போம். போனப்பறம், அதான் போயாச்சேன்னு இருப்போம்.'

இந்தப் பதினான்கு மாசத்தில் நடந்தது 'வழக்கமா', இல்லையா? தாமதத்தைப் பதினைந்து வருஷத்தில் கணக்கிடுவதா, பதினான்கு மாசத்தில் கணக்கிடுவதா? மீதி வருஷங்களில் கொடுமை இல்லை என்றும் சொல்ல முடியாது. கேசட்டில் பேசி அனுப்பிய காலம் தொட்டு இன்றைய வாட்ஸ்அப் குரல்பதிவு வரை வசவு கடல் தாண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை மாமியார் கூடத்தில் வைத்து எல்லாரும் கேட்கப் போடுவதும் உண்டு. பணம் அனுப்புவதை நிறுத்துவது அடியைவிடச் சத்தமில்லாதது. இரண்டு வருஷம் ஜீவனாம்சம் தராவிட்டால் அதுவே 1939 சட்டத்தில் தனிக் காரணம் என்பது, மடியில் பீடிச் சுளகை வைத்துக்கொண்டு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சுற்றி வீட்டை ஓட்டும் பல பெண்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை. 1970இல் கேரள உயர் நீதிமன்றத்தில் கிருஷ்ண ஐயர், ஒரு இராவுத்தர் குடும்ப வழக்கில், மனைவி தன் காரணத்தால் பிரிந்திருந்தாலும் இரண்டு வருஷம் ஜீவனாம்சம் தரப்படவில்லை என்றால் அவளுக்கு மணவிலக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். 'நீ ஏன் போனாய்?' என்ற கேள்வியை ஓரங்கட்டிய தீர்ப்பு அது.

ஆணின் காலம் வேறு. மூன்று முறை சொல்லி ஒரு நொடியில் முடிக்கும் தலாக்கை 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2019இல் அதைக் குற்றமாக்கினார்கள். முஸ்லிம் பெண்ணைக் காப்பாற்றப் புறப்பட்ட இந்துத்துவக் கருணையைப் பற்றி எனக்கு மயக்கம் எதுவுமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மனைவியைக் கைவிட்டுப் போகிற இந்துக் கணவனை அந்தக் கருணை தொடுவதில்லை. ஆனால் கணவனுக்கு நொடியும் மனைவிக்கு வருஷங்களும் என்று காலத்தைப் பங்கிட்டது யார் என்ற கேள்வியை இந்துத்துவத்தைக் காட்டித் தள்ளிப்போடுவதும் இனிச் செல்லாது. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் 2000களின் தொடக்கத்தில் பெண்களுக்கென்று ஜமாஅத் தொடங்கியது இந்தப் பங்கீட்டைக் கேள்வி கேட்டுத்தான். மனைவி கேட்கும் குலாவுக்கோ தமிழ்நாட்டில் ஒரு விசித்திர நிலை. 2017இல் ஒரு பெண்ணுக்கு ஒரு ஷரீஅத் கவுன்சில் தந்த குலா சான்றிதழை 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இப்படிச் சான்றளிக்கத் தனியார் அமைப்புகளுக்கு அதிகாரமில்லை, குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. சட்டமாகப் பார்த்தால் தீர்ப்பைக் குறை சொல்வது கஷ்டம். ஆனால் விடுதலை கிடைத்துவிட்டது என்று ஆறு வருஷம் நினைத்திருந்தவளின் ஆறு வருஷம் எந்தக் கணக்கில் சேரும்? இதற்கிடையே 2021 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், நீதிமன்றத்துக்கு வெளியே குலா பெறும் உரிமை முஸ்லிம் பெண்ணுக்கு உண்டு என்று, தனது 1972ஆம் வருஷத் தீர்ப்பைத் திருத்திச் சொல்லியிருக்கிறது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் காலம் வேறு மாதிரி ஓடுகிறது.

பக்கத்திலேயே இன்னொரு வழக்கு. திருநெல்வேலி மாஜிஸ்திரேட்டிடம் 2018இல் ஒரு பெண் மருத்துவர் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுப்போட்டார். 2010இல் நடந்த திருமணம். கணவர், தலாக் சொல்லிவிட்டதாக ஷரீஅத் கவுன்சில் சான்றிதழைக் காட்டி, வேறு மணமும் செய்துகொண்டிருந்தார். கொடுமைக்காக ஐந்து லட்சம் இழப்பீடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டதை 2024 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உறுதிசெய்தது. தலாக் மறுக்கப்பட்டால் அதை நிரூபிக்க நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது கணவன்தான் என்றது. இரண்டாம் திருமணம் முதல் மனைவிக்குத் தரும் மனவேதனை மதத்தால் மாறிவிடாது, அது கொடுமையே என்றது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1960லேயே இதற்கு மிக அருகில் வந்திருந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது திருநெல்வேலிக்கு வந்து சேர.

குற்றவியல் சட்டத்துக்கு வந்தால் கடிகாரம் கண்முன்னாலேயே மாட்டப்பட்டிருக்கிறது. 1983இல் வந்த 498ஏ பிரிவுக்கு (2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 85) அதிகபட்சம் மூன்று வருஷத் தண்டனை என்பதால், மூன்று வருஷத்துக்குள் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுமை தொடர்ந்து நடக்கும் குற்றம் என்பதால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு என்றும், நீதியின் பொருட்டுத் தாமதத்தை மன்னிக்கலாம் என்றும் 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அவள் செத்துப்போனால் கணக்கு மாறுகிறது. திருமணமான ஏழு வருஷத்துக்குள் தற்கொலை செய்துகொண்டு, கொடுமை நடந்ததும் காட்டப்பட்டால், கணவன்தான் தூண்டினான் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். வரதட்சிணைச் சாவு என்றால் ஊகித்தே ஆக வேண்டும். உயிரோடு வந்து நிற்பவளிடம் ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்கும் சட்டம், பிணமாக வருபவளுக்கு ஏழு வருஷ அவகாசம் தருகிறது. எட்டாவது வருஷம் சாகிறவளுக்கு அதுவும் கிடையாது.

நம் தரப்பு ஆட்கள் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு தீர்ப்பு 2022 ஏப்ரலில் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. 2008இல் கணவன் வீட்டை விட்டு வந்த பெண் 2018இல் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுப்போட்டார். ஒரு வருஷத்துக்குள் போட்டிருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. உச்ச நீதிமன்றம் இதைத் தவறு என்றது: நிவாரணம் கேட்டுப் போடும் மனு குற்றப் புகார் அல்ல, பாதுகாப்பு உத்தரவை மீறுவதுதான் குற்றம், ஒரு வருஷக் கணக்கு அந்த மீறலுக்குத்தான். பத்து வருஷம் கழித்து வந்த மனுவும் மனுதான். இந்தத் தீர்ப்பு வந்த பிறகும் 'ரொம்ப நாளாயிருச்சே, இனி நிக்காது' என்று பெண்களைத் திருப்பியனுப்பும் வக்கீல்களை நான் பார்க்கிறேன்.

1979இல் லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், அடிபடும் பெண்களின் அனுபவத்தை ஒரு சுழற்சியாக விளக்கினார்: இறுக்கம், தாக்குதல், பின்பு கணவனின் கெஞ்சலும் அன்பும். மூன்றாம் கட்டத்தில் அவள் தங்கிவிடுகிறாள். சட்டம் மன்னிப்பு என்று வாசிப்பது இந்தக் கட்டத்தைத்தான். உதவியான விளக்கம். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு அவளை நோயாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான பெண்களின் தாமதத்தில் கணக்கு இருக்கிறது: மகளுக்கு நிக்காஹ் முடியட்டும், மகனுக்குப் பாஸ்போர்ட் வரட்டும், நகை அடகிலிருந்து மீளட்டும், தம்பி பொண்டாட்டி என்ன சொல்வாளோ. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் கணவனோடு வாழ மறுத்து ஒரு நாளும் தாமதிக்காமல் திரும்பிவந்த ஃபிர்தவ்ஸுக்கு நேர்வதை வாசித்தவர்கள், காத்திருப்பவளை அப்பாவி என்று சொல்ல மாட்டார்கள்.

எனவே மனு எழுதும்போது தாமதத்தை மறைக்கக் கூடாது. குறுக்கு விசாரணையில் அவன் கேட்கட்டும் என்று விட்டுவைப்பதுதான் பொதுவாக நடக்கிறது. காத்திருந்ததற்கான காரணங்களை முதல் மனுவிலேயே பத்தி பத்தியாக எழுதிவிட வேண்டும். அவை கொடுமையின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும். எந்த லீவு, அப்போது பிள்ளைக்கு என்ன வயசு, யார் பஞ்சாயத்துப் பேசினார்கள், ஜமாஅத் எத்தனை முறை 'பொறுத்துப் போ' என்று திருப்பியனுப்பியது, பணம் எந்த மாசத்திலிருந்து வரவில்லை. பெண்கள் தேதி சொல்வதில்லை என்று வக்கீல்கள் சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்கிறார்கள், 'ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறாநாள்', 'மூத்தவளுக்கு அம்மை போட்டிருந்தப்போ', 'அவரு மூணாவது லீவுல வந்தப்போ' என்று. இதைக் காலண்டர் தேதியாக மாற்றி எழுதுவது குமாஸ்தாவுக்கு அரை நாள் வேலை. பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைகளோடு ஒப்பிட்டால் மூன்றாவது லீவு எப்போது என்று துல்லியமாகவே கிடைத்துவிடும்.